சிக்னலைச் சொல்லிக் கடப்பது: ஒரு வீட்டின் பதினான்கு மாதங்கள்

என் மாமியாருக்கு ஒரே காலையில் இரண்டு முறை சர்க்கரை மாத்திரை கொடுத்துவிட்டேன். செய்ததைக் கண்ணால் பார்த்து வாயால் சொல்லும் ஒரு பழக்கத்தை எங்கள் வீட்டில் சோதித்துப் பார்த்த இந்த ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அத்தைக்கு அப்போது வயது 74. பல வருடமாகச் சர்க்கரை உண்டு. காலைச் சாப்பாட்டோடு கிளிமிபிரைடு ஒன்று போட வேண்டும். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை அது. அளவு கூடினால் ரத்தத்தில் சர்க்கரை விறுவிறுவென்று இறங்கிவிடும். அன்றைக்கு இட்லி வைத்தேன், மாத்திரையைக் கொடுத்தேன், குக்கர் விசில் அடித்தது, அலுவலகத்திலிருந்து ஃபோன் வந்தது. முந்தின நாள் கணக்கில் ஒரு தொகை இடிக்கிறதாம். பேசி முடித்துத் திரும்பினால் மேஜைமேல் மாத்திரை அட்டை கிடக்கிறது. கொடுத்தேனா, இல்லையா?

அத்தையைக் கேட்டேன். "குடுத்தயாட்டத்தான் இருக்குது கண்ணு... அது நேத்தோ என்னமோ" என்றார். எனக்கும் அதே குழப்பம்தான். கொடுத்த மாதிரி ஒரு காட்சி மனதில் இருந்தது. அது இன்றைய காட்சியா, நேற்றையதா என்று பிரிக்க முடியவில்லை. ஒரு வேளை விட்டுப்போகக் கூடாதே என்று இன்னொன்றைக் கொடுத்துவிட்டு, ஈரோட்டிலிருந்து திருப்பூருக்கு ரயில் ஏறிவிட்டேன்.

பதினொன்றரை மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டார். அத்தை வியர்வையில் நனைந்து, கை நடுங்கி, பேச்சு குழறி உட்கார்ந்திருக்கிறார். அந்த அக்கா சமயோசிதமாகச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இந்த வகை மாத்திரையில் ஒரு முறை சர்க்கரை ஏறிவிட்டது என்று நிம்மதியாக இருக்க முடியாது. மருந்தின் வேலை பல மணி நேரம் நீடிக்கும், மறுபடி இறங்கலாம். அதனால் ஓர் இரவு வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். அத்தை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

நடந்தது மறதி இல்லை

முதலில் இதை மறதி என்றுதான் நினைத்தேன். நாற்பத்து நான்கு வயதில் இப்படி ஆகிவிட்டதே என்று பயந்தேன். யோசித்துப் பார்த்தால், மறப்பதற்கு முதலில் ஒன்று மனதில் பதிந்திருக்க வேண்டும். அன்றைக்கு எதுவுமே பதியவில்லை. கை மாத்திரையைக் கொடுத்தது. நான் அந்த நேரத்தில் திருப்பூரில் ஒரு கணக்குப் புத்தகத்துக்குள் இருந்தேன். அலுவலக ஃபோன் வருவதற்கு முன்பே அங்கே போய்விட்டிருந்தேன் என்பதுதான் உண்மை.

தமிழில் இதற்கு ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது. பழையதை எண்ணிப் பார்ப்பதும் நினைவு, மயக்கம் தெளிந்து இருப்பதும் நினைவு. "நினைவு தப்பிவிட்டது", "நினைவு வந்துவிட்டது" என்கிறோம். "ஞாபகமா பூட்டிட்டு வா" என்று அம்மா சொல்லும்போது பிற்பாடு நினைத்துப் பார் என்று சொல்லவில்லை, பூட்டும்போது அங்கே இரு என்கிறார். பௌத்தர்கள் விழிப்பாக இருப்பதைச் சொல்கிற சதி என்ற பாலிச் சொல்லும், நினைவு என்று பொருள்படும் ஸ்மிருதி என்ற சமஸ்கிருதச் சொல்லின் பாலி வடிவம்தான். இருந்து செய்தால்தான் பிறகு ஞாபகம் இருக்கும் என்பதை இந்தச் சொற்கள் எப்போதோ கண்டுகொண்டுவிட்டன. நான்தான் தாமதம்.

மனம் வேறிடத்தில் இருப்பது எனக்கு மட்டும் உள்ள நோய் இல்லை என்பதையும் அப்புறம் தெரிந்துகொண்டேன். மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரின் ஃபோனுக்கு நாளில் எந்தெந்த நேரத்திலோ கேள்வி அனுப்பி, "இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள்" என்று கேட்டார்கள். கேட்ட நேரங்களில் 46.9 சதவீதம் மனம் வேறெங்கோ இருந்தது. மனம் கையில் இருக்கும் வேலையில் இருந்தபோதுதான் மக்கள் கூடுதல் மகிழ்ச்சியாக இருந்தார்கள். இனிமையான ஒன்றை எண்ணி அலைந்தவர்கள்கூட வேலையில் மனம் வைத்திருந்தவர்களைவிட அதிக மகிழ்ச்சியாக இல்லை. இந்தக் கடைசி விஷயம் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. பாத்திரம் தேய்க்கும்போது கனவு காண்பதுதான் என் சின்ன சந்தோஷம் என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான்.

முதலில் செய்து பார்த்தவை

ஏழு நாளுக்கும் கட்டம் போட்ட மாத்திரை டப்பா வாங்கினேன். நல்ல பொருள், இன்றும் வைத்திருக்கிறேன், மாத்திரை கொடுக்கும் எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை டப்பாவை நிரப்புகிற கையும் அதே கைதான். இரண்டாவது வாரமே புதன் கட்டத்தில் இரண்டு இருந்தது.

தியானம் செய்யச் சொன்னார்கள். சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் இருக்கும் தம்ம சேது தியான மையத்தில் பத்து நாள் விபாசனா இருந்துவிட்டு வந்த தோழி ஒருத்தி, தன் வாழ்க்கையே மாறியதாகச் சொன்னாள். நம்புகிறேன். ஆனால் பத்து நாள் பேசாமல், ஃபோன் இல்லாமல் இருக்க, வீட்டில் முதியவரையும் பத்தாம் வகுப்புப் பையனையும் வைத்திருக்கும் ஒருத்தியால் முடியாது. ஜான் கபட்-ஜின் 1979-இல் அமெரிக்காவின் வூஸ்டரில், ஒரு மருத்துவமனையில், தீராத வலியோடு வந்தவர்களுக்காகத் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியைப் பற்றியும் படித்தேன். அதில் ஓர் உலர் திராட்சையைக் கையில் வைத்துப் பார்த்து, முகர்ந்து, மெதுவாக மென்று சாப்பிடச் சொல்வார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு அதைச் செய்து பார்த்தேன். ஒரு திராட்சைக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று உண்மையிலேயே ஆச்சரியப்பட்டேன். மறுநாள் காலை ஏழரை மணிக்கு அந்தத் திராட்சை எனக்கு உதவவில்லை.

"எப்போதும் இந்த நொடியில் இரு" என்ற அறிவுரைதான் என்னை அதிகம் சோர வைத்தது. எப்போதும் என்றால் எங்கே தொடங்குவது? ஒரு நாளில் நூறு முறை தோற்று, நூறு முறை என்னையே திட்டிக்கொண்டேன். அந்தத் திட்டலும் மனம் அலைவதுதானே.

அப்பா சொன்னது

அப்பா ரயில்வேயில் ரயில் ஓட்டியவர். இன்றைக்கு லோகோ பைலட் என்கிறார்கள், அவர் காலத்தில் டிரைவர். ஈரோட்டிலிருந்து ஜோலார்பேட்டைக்கும் பாலக்காட்டுக்குமாக வருடக்கணக்கில் போய்வந்தவர். மாத்திரை விஷயத்தை அவரிடம் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆனது. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "குடுக்கறப்ப வாயில சொன்னயா அம்மிணி?"

"எதைப்பா?"

"குடுக்கறேன்னு. சிக்னலப் பாத்தா மட்டும் பத்தாது கண்ணு. வாயில சொல்லோணும்."

ரயில் இன்ஜினில் இருவர் இருப்பார்கள். சிக்னல் கண்ணில் பட்டதும் இருவரும் அது தங்கள் வண்டிக்கானதா என்று பார்த்து, என்ன காட்டுகிறது என்பதை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்ல வேண்டும். இந்திய ரயில்வேயின் பொது விதிகளிலேயே இது இருக்கிறது. "டிஸ்டன்ட், டபுள் எல்லோ" என்று சிக்னலின் பெயரையும் நிறத்தையும் ஒருவர் சொல்ல, மற்றவரும் பார்த்துவிட்டு அதையே சொல்வார். "ஹோம், எல்லோ." "ஸ்டார்ட்டர், ரெட்." ஆயிரம் முறை கடந்த தடம்தான், எப்போதும் பச்சை காட்டுகிற சிக்னல்தான். அதனாலேயே சொல்ல வேண்டும் என்றார் அப்பா. நேற்றுப் பச்சையாக இருந்ததைத்தான் கண் இன்றைக்கும் காட்டும், வாய் சொல்லப் போகும்போதுதான் கண் மறுபடி பார்க்கும் என்றார்.

இன்ஜினில் விழிப்பைச் சோதிக்கிற கருவியும் உண்டு. ஒரு நிமிடம் போல ஓட்டுநரின் கைவேலை எதுவும் இல்லையென்றால் விளக்கு மின்னும், பிறகு ஒலி எழும், அதற்கும் பதில் இல்லையென்றால் பிரேக் தானாக விழும். கை அசைகிறதா என்பதை அந்தக் கருவி பார்த்துக்கொள்ளும். கண் பார்க்கிறதா என்று அதற்குத் தெரியாது. என் மாத்திரை டப்பாவும் அப்படித்தான் என்று அப்போது புரிந்தது.

இந்தப் பழக்கத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் ஜப்பான் ரயில்வேக்காரர்கள். அங்கே வாயால் சொல்வதோடு கையையும் நீட்டிச் சுட்டுவார்கள். "ஷிசா கான்கோ" என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீராவி இன்ஜின்களில் சிக்னலைச் சொல்லி, பதில் சொல்லும் வழக்கமாகத் தொடங்கியது, பின்னால் கையும் சேர்ந்தது. இன்று டோக்கியோவில் எந்த ரயில் நிலையத்தில் நின்றாலும் வெள்ளைக் கையுறை போட்ட ஊழியர் வெற்றுத் தண்டவாளத்தை நோக்கிக் கை நீட்டி ஏதோ சொல்வதைப் பார்க்கலாம். அவர்கள் முடிக்கும் சொல் "யோஷி". நம்முடைய "சரி" தான் அது. ரயில்வேயைத் தாண்டித் தொழிற்சாலைகளிலும் கட்டட வேலையிலும்கூட இது பரவியிருக்கிறது. நியூயார்க் சுரங்க ரயிலில் 1996-இலிருந்து, வண்டி நின்றதும் நடத்துநர் நடைமேடையில் தொங்கும் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட பலகையைச் சுட்டிய பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும்.

ஜப்பானின் ரயில்வே தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1994-இல் இதைச் சோதித்தது. பட்டன் அழுத்துகிற எளிய வேலைதான். ஒன்றும் செய்யாமல் வெறுமனே அழுத்தியபோது நூற்றுக்கு 2.38 தவறு. வாயால் சொல்லி அழுத்தினால் 1.0. கையால் சுட்டி அழுத்தினால் 0.75. இரண்டும் சேர்ந்தால் 0.38. தவறு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிட்டது. அவர்கள் யாரும் தியானம் செய்யவில்லை, மனதை அடக்கவில்லை. கண், கை, வாய், காது நான்கும் ஒரே பொருளிடம் போய் நின்றன. மனம் கூடவே வந்துவிட்டது. எனக்கு வேண்டியது இதுதான் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

நாங்கள் வைத்துக்கொண்ட சிக்னல்கள்

இன்ஜினில் இருப்பவர் ஒவ்வொரு மரத்தையும் சொல்லிக்கொண்டு போவதில்லை. சிக்னலைத்தான் சொல்கிறார். அப்பாவும் நானும் உட்கார்ந்து என் நாளில் சிக்னல்கள் எவை என்று பார்த்தோம். நான் பதினெட்டு எழுதிக்கொண்டு போனேன். அவர் நான்கை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிட்டார். காலை மாத்திரை, கேஸ், வாசல் பூட்டு, ராத்திரி மாத்திரை. நடுவில் மனம் எங்கே வேண்டுமானாலும் போகட்டும் என்றார். அந்த அனுமதி கிடைத்த அன்று எனக்கு எவ்வளவு லேசாக இருந்தது என்று சொல்ல முடியாது.

எப்படிச் சொல்வது என்பதைச் செய்து செய்துதான் கற்றோம். "கேஸை மூடணும்" என்று சொன்னால் பயனில்லை, அது கட்டளை. பார்த்ததைச் சொல்ல வேண்டும். கையைக் குமிழின் பக்கம் நீட்டி, "ரெண்டு குமிழும் மூடியிருக்கு, சிலிண்டரும் மூடியிருக்கு, சரி." செய்யும்போதே சொல்லிவிட்டாலும் போதாது, முடித்துவிட்டுக் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். மாத்திரைக்குக் கிழமையைச் சேர்த்துக்கொண்டோம்: "வியாழக்கிழமை காலை மாத்திரை, அத்தை முழுங்கியாச்சு, சரி." தினமும் ஒரே மாதிரி செய்கிற வேலை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஒரே காட்சியாகிவிடுவதால்தானே அன்றைக்கு நேற்றையும் இன்றையும் பிரிக்க முடியாமல் போனது. கிழமையைச் சேர்த்ததும் வியாழனுக்கு ஒரு தனி முகம் வந்தது.

இன்னொன்று, ஒரே முறைதான். திரும்ப வந்து பார்க்கக் கூடாது. இதில் அப்பா கறாராக இருந்தார், ஆய்வும் அவர் பக்கம்தான். நெதர்லாந்தில் மார்செல் வான் டென் ஹவுட், மெரல் கிண்ட் இருவரும் 2003-இல் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பை வைத்து, சிலரைத் திரும்பத் திரும்ப மூடிச் சரிபார்க்க வைத்தார்கள். அதிகம் சரிபார்த்தவர்களின் ஞாபகம் தவறாகிவிடவில்லை, ஆனால் மங்கிவிட்டது. தங்கள் ஞாபகத்தின்மேல் இருந்த நம்பிக்கையும் குறைந்தது. பூட்டை ஐந்து முறை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனையில் மறுபடி சந்தேகப்பட்ட எத்தனையோ காலைகள் எனக்கு இதனால் விளங்கின. நிறுத்தவே முடியாமல் சரிபார்த்துக்கொண்டே இருப்பவர்கள் இந்தப் பழக்கத்தை நம்பித் தொடங்க வேண்டாம். அது மருத்துவரிடம் காட்ட வேண்டியது, அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

டைரியின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு வைத்தேன். "செய்தேனா?" என்ற கேள்விக்கு எனக்கே பதில் தெரியாத ஒவ்வொரு முறையும் ஒரு கோடு. முதல் வாரம் 17 கோடு. இரண்டாவது வாரம் 6. ஒரு வீட்டின் கணக்கு, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போது எனக்கு அழுகை வந்தது.

மூன்றாவது வாரம்

மூன்றாவது வாரம் சறுக்கியது. ஒரு காலை கையை நீட்டி, "மூடியிருக்கு, சரி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பின்னால் வந்த பையன், "அம்மா, சின்ன அடுப்பு எரியுது" என்றான். சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். கையும் நீட்டியிருக்கிறேன். பார்க்கவில்லை. உடம்பு இதையும் மனப்பாடம் செய்துவிட்டது.

அப்பாவிடம் போய், இதுவும் போச்சு என்றேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. தனியாகச் சொன்னால் அப்படித்தான் ஆகும் என்றார். "இன்ஜின்ல ஏன் ரெண்டு பேரு? ஒருத்தன் சொல்றதுக்கு. இன்னொருத்தன் பாத்துட்டுப் பதில் சொல்றதுக்கு. உனக்கு யாரு பதில் சொல்றாங்க?"

அன்றுவரை அத்தையை நான் மாத்திரை வாங்கிக்கொள்பவராக மட்டும் வைத்திருந்தேன். நடந்தது அவருடைய உடம்புக்கு, ஆனால் இந்த ஏற்பாட்டில் அவருக்கு ஒரு வேலையும் கொடுக்கவில்லை. மறுநாள் காலை அவரிடம் கேட்டுக்கொண்டேன்: "அத்தை, நான் சொல்லும்போது நீங்க அட்டையைப் பார்த்துட்டு என்னைக் கேள்வி கேளுங்க."

அவர் இதை இவ்வளவு பிடித்துக்கொள்வார் என்று நான் நினைக்கவே இல்லை. முதல் நாள் "என்ன கிழமை?" என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள், "மாத்திரை என்ன நிறம்? பார்த்துச் சொல்லு." அதற்கடுத்த நாள், "நேத்து எந்தச் சேலை கட்டியிருந்தேன்?" எனக்குத் தெரியவில்லை. நேற்று அவர் எதிரில் நின்று, மாத்திரை கொடுத்து, தண்ணீர் கொடுத்து, "சரி" சொன்னவள் அவர் கட்டியிருந்த சேலையைப் பார்க்கவில்லை. மாத்திரையைப் பார்த்தேன், மனிதரைப் பார்க்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

கேள்வி தினமும் மாறுவதால் பழக்கம் கெட்டிப்பட முடியவில்லை. என்ன கேட்பார் என்று தெரியாததால் நான் முழுதாக அங்கே இருக்க வேண்டியிருந்தது. அவரும் காலையில் எழுந்ததிலிருந்து இன்றைக்கு என்ன கேட்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தார். நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. எட்டாவது வாரம் டைரியில் 2 கோடு.

ஐந்தாவது சிக்னலும் ஆறாவதும்

நான்காவது மாதம் ஒன்று சேர்த்தோம். சர்க்கரை இருப்பவர்கள் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் பல முறை சொல்லியிருக்கிறார். உணர்ச்சி குறைந்திருப்பதால் காயம் பட்டாலும் அவர்களுக்குத் தெரியாது. கேட்டுவிட்டுத் தலையாட்டிவிட்டு வருவேன். இப்போது ராத்திரி மாத்திரையோடு இதுவும்: விளக்கைப் போட்டு, பாதத்தைக் கையில் எடுத்து, விரலிடுக்கு ஒவ்வொன்றாகத் தொட்டு, "இடது கால், சரி. வலது கால், சரி."

ஒரு ராத்திரி "வலது கால்" வரை வந்தது, "சரி" வரவில்லை. சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே மிளகளவு ஒரு கொப்புளம். அத்தைக்கு வலியே இல்லை. புதுச் செருப்பு கடித்திருக்கிறது. மறுநாளே காட்டினோம், மருந்து போட்டுப் பத்து நாளில் ஆறியது. சர்க்கரைக்காரர்களின் கால் எப்படிப் போகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு, இந்த ஒரு வரி எனக்கு என்ன என்பது தெரியும்.

ஆறாவது சிக்னலை யாருக்கும் சொல்லாமல் நானே வைத்துக்கொண்டேன். சாயங்காலம் பையன் டியூஷன் முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றுவான். அந்த நேரத்தில் கையில் எது இருந்தாலும் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்ப்பது. வாயால் சொன்னால் அவனுக்குக் கூச்சமாக இருக்கும், அதனால் மனதுக்குள் மட்டும்: வந்துவிட்டான், களைத்திருக்கிறான். அல்லது, வந்துவிட்டான், எதையோ மறைக்கிறான். மொத்தம் ஐந்து நொடி. மூன்று மாதம் இப்படிப் பார்த்த பிறகு ஒரு நாள் அவனாகவே வந்து, கணக்கில் மார்க் குறைந்ததைச் சொன்னான். இதனால்தான் சொன்னான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அதற்கு முந்தின வருடம் அவனுக்கு மார்க் குறைந்தது பள்ளிக்கூடம் கூப்பிட்டுச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

மாறாதவையும் இருக்கின்றன. ரயிலில் ஃபோனைப் பார்த்துக்கொண்டே போகிறேன். சாப்பிடும்போது இன்னமும் அலுவலகத்தில்தான் இருக்கிறேன், சாம்பாரில் உப்பு இல்லையென்று அத்தை சொன்ன பிறகுதான் தெரிகிறது. சாப்பாட்டை ஏழாவது சிக்னலாக்கலாமா என்று அப்பாவைக் கேட்டேன். வேண்டாம், கூடிக்கொண்டே போனால் எல்லாமே மரமாகிவிடும் என்றார். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும் இப்போதைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் மருத்துவர் அத்தையின் மருந்தை மாற்றினார். காலையில் ஒன்றுக்குப் பதில் வேறொன்று, மதியம் புதிதாக ஒன்று. நிறமும் அட்டையும் எல்லாம் வேறு. பழைய வார்த்தைகள் எதுவும் பொருந்தவில்லை. அப்பாவிடம் சொன்னதும், ஓட்டுநர் ஒரு புதுத் தடத்தில் வண்டி எடுக்கும் முன் அந்தத் தடத்தைத் தெரிந்தவரோடு போய்ப் பார்த்துவர வேண்டும் என்றார். லேர்னிங் ரோடு என்பார்களாம். எந்த வளைவுக்குப் பின்னால் எந்த சிக்னல் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளத்தான் அது.

அலுவலகத்துக்கு மூன்று நாள் லீவு சொன்னேன். அப்பா பஸ் பிடித்து வந்தார். முதல் நாள் காலை மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். நான் புது அட்டையைக் கையில் எடுத்து, பெயரை எழுத்துக்கூட்டி வாசித்து, ஒரு மாத்திரையைப் பிரித்து அத்தையின் உள்ளங்கையில் வைத்தேன்.

அத்தை அதை வாயில் போடவில்லை. என்னைப் பார்த்தார்.

"இன்னும் நீ சொல்லலையே" என்றார்.